முதல் அறுப்புக் கீரை

பிற்பகல் மூன்று பத்துக்கு என் கைப்பேசி அடித்தது. வானகரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் இருந்தேன். இரண்டு கைகளும் மண்கலவைக்குள் இருந்தன. யாரோ விதை விலை கேட்கிறார்கள் என்று நினைத்து, அடித்து ஓயட்டும் என விட்டுவிட்டேன். ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. நம் மாடித்தோட்ட வேலையில் யாருக்கும் அவ்வளவு அவசரம் வராது. விதை தன் நாளை எடுத்துக்கொண்டு முளைக்கிற தொழில் இது. இரண்டாம் முறை அடித்தபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

மண்ணூர்பேட்டையில் நாங்கள் முதல் மாடியில் குடியிருக்கிறோம். கீழ்வீட்டில் ஏசி மெக்கானிக் பாபுவும் அவர் மனைவி செல்வியும். பேசியது பாபு.

"சார், எங்க கீறீங்க? ஒடனே கெளம்பி வாங்க. பாப்பா ஒரு மாரி கீது."

"ஒரு மாதிரின்னா?"

"தண்ணி வோணும்னு கீழ எறங்கி வந்துச்சி. மூணு சொம்பு குட்சிட்ச்சி. இப்ப செவுத்துல எறும்பு போவுதுன்னு ஒண்ணொண்ணா புட்சிகினு கீது. செவுத்துல எறும்பே இல்ல சார்."

பாப்பா என்று அவர் சொன்னது என் மகள் தாரணியை. பொறியியல் மூன்றாம் ஆண்டு. தேர்வுக்கு முந்தைய விடுமுறையில் வீட்டில் இருந்தாள். என் மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்காகத் திருவண்ணாமலை போயிருந்தாள்.

பின்னால் செல்வியின் குரல் கேட்டது. "காத்து கருப்பா இருக்கும்யா. உச்சி வெயில்ல மாடிக்குப் போச்சே. வேப்பிலைய கொண்டா, மொதல்ல ஒரு தபா எறக்கலாம்." இன்னொரு குரல் புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொன்னது. தெருவே கூடிவிட்டது போல.

இதை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் முட்டி இனிமேல் மாடிப்படி ஏறச் சம்மதிக்காது. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை நான் பார்த்துவந்த மொட்டை மாடிகளை இனி நீங்கள்தான் பார்க்கப் போகிறீர்கள். மண்கலவை எப்படிச் சேர்ப்பது, பையை எங்கே வைப்பது, எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் ஒரு பருவத்தில் வந்துவிடும். நான் சொல்ல வருவது வேறு. புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் நம்மை எவ்வளவு நம்புகிறார்கள் என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. எனக்கும் அந்த வெள்ளிக்கிழமை வரை முழுதாகத் தெரியாது.

பாபுவிடம் நான் சொன்னது மூன்றே வாக்கியம். எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உங்கள் வேனில் ஏற்றி நேரே அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நான் அங்கே வருகிறேன். "பக்கத்து கிளினிக்ல காட்டிட்டு..." என்று இழுத்தார். "வேண்டாம், நேரா போங்க" என்றேன். அதற்காக இன்றும் என்னை மெச்சிக்கொள்கிறேன். என்ன நோய் என்று தெரியாதபோது சின்ன இடத்தில் நின்று நேரத்தைக் கொடுத்துவிடக் கூடாது. செடி வாடினால் ஆளாளுக்கு ஒன்றை ஊற்றிப் பார்ப்பார்கள் அல்லவா? பெரும்பாலும் செடி வாட்டத்தில் சாவதில்லை, ஊற்றினதில்தான் சாகும்.

பைபாஸில் வண்டி ஓட்டிவந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. வந்து சேர்ந்தேன்.

தாரணி அவசரப் பிரிவில் கட்டிலில் இருந்தாள். முகம் சிவந்து கிடந்தது. உதடு வெடித்திருந்தது. கண்ணின் கருமணி முழுக்கக் கறுப்பாக விரிந்து, யாரையோ தாண்டி யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வையில் இல்லாத எறும்பை விரல்நுனியால் எடுத்து எடுத்துக் கீழே போட்டாள். பணியில் இருந்த மருத்துவர் ஓர் இளம்பெண். அவரைப் பார்த்து என் மகள் மிகுந்த மரியாதையோடு சொன்னாள்:

"ஹெச்ஓடி மேம், ரெகார்டு நாளைக்குக் கண்டிப்பா சப்மிட் பண்ணிடறேன் மேம். கோழி வந்து உக்காந்துருச்சு, அதான் லேட்."

"சரிம்மா, நாளைக்குக் குடு" என்றார் மருத்துவர். நாடியைப் பிடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "நீங்க அப்பாவா? வீட்ல பூச்சிமருந்து, எலிமருந்து ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"கிடையாதுங்க. நாங்க இயற்கைத் தோட்டம் போடறவங்க. மருந்துங்கற பேச்சே எங்க வீட்ல இல்ல."

அந்த நேரத்திலும் என் குரலில் பழைய பெருமை இருந்தது. வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் தானாக வந்துவிட்டது.

மருத்துவர் அந்தப் பக்கம் போனதும் செல்வி என் அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து சாயங்காலம் பாப்பா மாடிப்படில உக்காந்து அழுதுகினு இருந்துச்சி. ரெண்டு பேப்பர் பூட்ச்சாம். உங்களாண்ட சொல்லலியா?"

சொல்லவில்லை.

பிள்ளை பெற்றவர்களுக்கு இந்த இடத்தில் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒன்று மட்டும். அந்த நிமிடத்திலிருந்து என் கேள்வி மாறிப்போயிற்று. மகளுக்கு என்ன ஆயிற்று என்பது போய், அவள் தனக்கு என்ன செய்துகொண்டாள் என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் மாடியில் இருக்கும் டிரம் நினைவுக்கு வந்தது.

பூச்சி விரட்டுவதற்கு ஐந்து இலைகளை ஊறவைத்துக் கரைசல் போடுகிறோம் அல்லவா, அந்த டிரம். வேம்பு, நொச்சி, ஆடாதொடை, எருக்கு, ஊமத்தை. ஆடு மாடு தின்னாத இலைகளாகப் பார்த்துப் பறித்துப் போடு என்பது நம் தொழிலில் பால பாடம். ஆடு மாடு ஏன் தின்பதில்லை என்பதை மட்டும் நாம் அழுத்திச் சொல்வதில்லை. எனக்குத் தொழில் காட்டியவர் கூட்டங்களில் வேப்பங்கரைசலை ஒரு மடக்குக் குடித்துக் காட்டுவார். "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல!" என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். நல்ல மனிதர், நல்ல தோட்டக்காரர். ஆனால் அந்த ஒரு மடக்கை நீங்கள் யாரும் குடித்துக் காட்ட வேண்டாம். இயற்கை என்பது சாதுவின் பெயரல்ல. விஷத்துக்கும் அதுதான் தாய்வீடு.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. டிரம்மைப் பற்றி வாயைத் திறந்தால், பெண் எதையோ குடித்துவிட்டாள் என்று எழுதுவார்கள், போலீசுக்குத் தகவல் போகும், மண்ணூர்பேட்டை முழுக்க ஆளுக்கொரு கதை சொல்லும். திறக்காவிட்டால் மருத்துவர் இருட்டில் தேடிக்கொண்டிருப்பார். யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு மூச்சு. ஆனாலும் எடுத்துக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வீட்டு மானத்தை ஆஸ்பத்திரி வாசலில் செருப்போடு கழற்றி விட்டுவிட்டு உள்ளே போங்கள். திரும்பி வரும்போது அது அங்கேயேதான் கிடக்கும்.

"டாக்டர், நான் சொன்னது தப்பு. மருந்து இல்ல, ஆனா மாடியில ஒரு கரைசல் இருக்கு. இலை ஊறவச்சது."

"என்ன இலை?"

சொன்னேன். கடைசியாக ஊமத்தை என்றதும் அவர் நிமிர்ந்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். சாதாரணப் பூச்சிமருந்துன்னா கண்மணி புள்ளியாச் சுருங்கும், வாயில எச்சி வடியும். இவளுக்கு எல்லாமே தலைகீழா இருக்கேன்னுதான் பாத்துட்டிருந்தேன். ஊமத்தைன்னா சரியாப் பொருந்துது." செவிலியரிடம் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், "குடிச்சிருப்பாளா?"

"தெரியல."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க. எவ்வளவு உள்ள போச்சு, எப்போ போச்சு, வேற ஏதாவது சேந்திருக்கா, எனக்குத் தெரியணும்."

பாபு ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதி டீயோடு அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். நான் போகவில்லை. போனால் இங்கே ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். நெருக்கடியில் ஓடுவதற்கு ஆள் கிடைத்தால் நீங்கள் நின்ற இடத்தில் நில்லுங்கள். கேள்வி உங்களைத் தேடி வரும், பதில் சொல்ல ஆள் வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் பாபு மாடியிலிருந்து பேசினார்.

"சார், டிரம்மாண்ட கீறேன். இன்னா நாத்தம் சார் இது! இத்த எவன் குடிப்பான்?"

"மூடியில துணி கட்டியிருக்கா பாருங்க."

"கட்டிகீது. கயிறு மேல சிலந்தி வலை பின்னிகீது சார். யாரும் தொடல."

சிலந்தியை அதுவரை நான் அப்படிக் கும்பிட்டதில்லை.

"சரி, சமையக்கட்டுக்குப் போங்க. மத்தியானம் என்ன சாப்பிட்டிருக்கா பாருங்க."

பாத்திரங்கள் திறந்து மூடும் ஓசை. "சோறு கீது. ரசம் கீது. கீர பொரியலு, முக்காவாசி காலி."

"கீரையா? கீரை ஏது?" என் மாடியில் அப்போதுதான் கீரை விதைத்திருந்தேன். முளை கூட வரவில்லை.

"காலைல ஒரு அம்மா ஸ்கூட்டில வந்துச்சி சார். 'அண்ணாச்சி வூடு இதுதானா'ன்னு கேட்டுச்சி. ஒரு கட்டு கீரய பாப்பா கைல குட்த்துட்டு பூட்ச்சி."

என்னை அண்ணாச்சி என்று அழைப்பவர் இந்தப் பக்கத்தில் ஒருவர்தான். ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருக்கும் ராஜேஸ்வரி. திருநெல்வேலிக்காரர். கணவர் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு குழந்தைகள். அவர்கள் வீட்டு மாடியில் அந்தப் பருவத்தில்தான் தோட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். பத்துப் பைகள். அதில் இரண்டு கீரைக்கு.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் முதல் அறுப்பைத் தாங்கள் தொடமாட்டார்கள். போட்டுக் கொடுத்தவர் வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, போன் பண்ணி, நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். யார் தொடங்கியது என்று தெரியாது. நான் சேர்ந்தபோதே இருந்தது. இரண்டு தக்காளி வரும், நாலு வெண்டைக்காய் வரும். சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த இரண்டு தக்காளியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது. அன்று அந்தக் கட்டு வந்தபோது நான் வீட்டில் இல்லை. வந்திருப்பதே எனக்குத் தெரியாது. தாரணி வாங்கி வைத்துக்கொண்டு, அப்பாவுக்குச் செய்து வைப்போமே என்று அவளே ஆய்ந்து, நறுக்கி, பொரியல் செய்து, பசிக்கு முதலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாபு, கீரை ஆய்ஞ்ச தண்டு, மீதி இலை இருக்கும். குப்பைக்கூடையில பாருங்க."

"காலியா கீது சார்."

கூடை காலியாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் காய்கறிக் கழிவு கூடையில் தங்காது. வேறு வீடாக இருந்தால் குப்பை வண்டியோடு போயிருக்கும், எங்கள் வீட்டில் உரத்தொட்டிக்குப் போகும்.

"மாடியில தண்ணித் தொட்டி பக்கத்துல மண்பானை அடுக்கு ஒண்ணு இருக்கு. மேல் பானையில கையை விட்டு எடுங்க. மேலாகத்தான் இருக்கும்."

"கையவா?"

"கையைத்தான்."

"சார், புழு நெளியுது சார்! வெள்ள வெள்ளயா! இன்னா சார் வளக்கறீங்க வூட்ல?"

"கடிக்காது பாபு."

"கட்சா நீங்களா வருவீங்க? செல்விகிட்ட சொல்லிடாதீங்க, அப்பறம் ஒரு வாரம் சோறு போடமாட்டா." திட்டிக்கொண்டே எடுத்தார். அந்த மனிதர் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இன்றும் யோசிக்கிறேன். சற்று நேரத்தில் படம் வந்தது. பாபுவின் உள்ளங்கை, தேங்காய் நார்த்தூள் ஒட்டிய தண்டுகள், கசங்கிய இலைகள்.

விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். தண்டுக்கீரை. சிறுகீரை. இன்னொரு தண்டுக்கீரை. அதற்குள்ளே வேறொன்று. அகன்ற இலை, ஓரம் நெளிந்து நெளிந்து பல் வைத்திருந்தது. காம்பருகே இலையின் இரண்டு பக்கமும் சமமாக இறங்கவில்லை, ஒரு பக்கம் மேலே நின்றது, ஒரு பக்கம் கீழே போயிருந்தது. நான் மாதாமாதம் காலிமனைகளில் தேடிப் பறித்து டிரம்மில் போடுகிற இலை.

ஊமத்தைப் பூவை எல்லோருக்கும் தெரியும். அந்த முள்ளுக்காயையும் தெரியும். ஆனால் பூக்காத ஊமத்தையை, கீரை உயரத்தில் இளசாக நிற்கிற ஊமத்தையை, யார் உற்றுப் பார்த்திருக்கிறார்கள்? ராஜேஸ்வரிக்குப் பைகள் போதவில்லை. ஆசையில் பழைய வாளி ஒன்றில் குடியிருப்புக்குப் பின்னாலுள்ள காலியிடத்து மண்ணை அள்ளிப் போட்டு, மீதிக் கீரை விதையைத் தூவியிருக்கிறார். மண்ணோடு வந்த விதையும் கூடவே முளைத்தது. 'தானாக முளைத்ததைப் பிடுங்கி எறியாதீர்கள், பாதி அதில் கீரைதான்' என்பது நம் வகுப்புகளில் எல்லோரும் சொல்கிற வாசகம். அவரும் எறியவில்லை. இது பின்னால் தெரிந்துகொண்டது.

படத்தை மருத்துவரிடம் காட்டினேன். "கீரையோட கலந்து வந்திருக்கு டாக்டர். பொரியல் பண்ணிச் சாப்பிட்டிருக்கா. டிரம்மை யாரும் தொடல."

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ தெரியாமச் சாப்பிட்டது."

"தெரியாமச் சாப்பிட்டது" என்று நானும் சொன்னேன். இன்னொரு முறையும் சொன்னேன். பிறகு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். மகள் விஷ இலையைத் தின்றுவிட்டாள் என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்ட தகப்பன் நான். இதை நம்புவதற்கு உங்களுக்குக் கொஞ்சம் வயதாக வேண்டும்.

"பயப்படாதீங்க, சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க. இறங்கிடும், காலையில தெளிவாயிடுவா" என்றார் மருத்துவர். அப்படியே ஆனது. மறுநாள் அவளுக்கு எறும்பும் நினைவில்லை, கோழியும் நினைவில்லை. "கசந்துச்சுப்பா. ஆனா ஆர்கானிக்னா அப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன். நீங்கதானே சொல்வீங்க, கடைக்கீரைக்கு ருசியே கிடையாதுன்னு" என்றாள். அந்த இரண்டு பேப்பரை அடுத்த முறை எழுதித் தேறினாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டோம், அது வேறு கதை. இப்போதும் வீட்டில் கீரை ஆயும்போது நான் ஒவ்வொரு இலையாகத் திருப்பிக் காம்பைப் பார்க்கிறேன். "விடுங்கப்பா, நேரமாச்சு" என்கிறாள். விட முடியவில்லை.

ஆனால் தரையில் உட்கார்ந்த எனக்கு அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. ராஜேஸ்வரி ஒரே அறுப்பில் இரண்டு கட்டு எடுத்திருப்பார். ஒன்று எனக்கு. இன்னொன்று அவர் அடுப்பில். வழக்கம் என்று எத்தனை பேர் என் போனுக்குக் காத்திருப்பார்கள்?

"சின்னக் குழந்தைங்களா?" என்று மருத்துவர் கேட்டார். ஆமென்றேன். "உடனே சொல்லிடுங்க. குழந்தைங்களுக்குக் கொஞ்சம் போனாலே அதிகம்."

என்னிடம் இருந்தது அவர் கணவரின் எண் மட்டும். வேலைக்குக் கூப்பிட்டவர் அவர்தான், எல்லாவற்றுக்கும் அந்த எண்ணில்தான் பேசிக்கொண்டிருந்தோம். அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்தத் தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது, வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். ஷிப்ட் முடியும் வரை உலகம் அவரிடம் பேச முடியாது. எனக்கு இது தெரியும். தெரிந்தும் மனைவியின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. எந்த வீட்டில் தோட்டம் போட்டாலும் இரண்டு எண் வாங்குங்கள். ஒன்று பேரம் பேசுகிறவருடையது, இன்னொன்று சமைக்கிறவருடையது. சமைக்கிறவர் எண்தான் முக்கியம்.

மறுபடி பாபு. "ஆவடியா? சி.டி.எச். ரோட்டுல இந்நேரத்துக்கு..." என்று தொடங்கியவர் தானே நிறுத்திக்கொண்டார். "பசங்க கீதா சார் அந்த வூட்ல?"

"ரெண்டு."

"கெளம்பிட்டேன்."

அதன்பின் காத்திருப்பு. தாரணி கொஞ்சம் அமைதியாகிப் போர்வையை நீவிக்கொண்டிருந்தாள். கணவரின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். பள்ளி விட்டிருக்கும். குழந்தைகள் பசியோடு வந்திருப்பார்கள். திருநெல்வேலிப் பெண், தேங்காய் துருவிப் போட்டுச் சுடச்சுடச் சோற்றில் பிசைந்து ஊட்டியிருப்பார். முதல் கீரை, தன் கையால் வளர்த்த கீரை. 'எங்கம்மா வளர்த்தது' என்று அந்தப் பிள்ளைகள் இன்னொரு வாய் கேட்டிருக்கும். என் மகள் உயிரோடு என் எதிரில் இருக்க, நான் பார்த்தறியாத ஒரு சமையலறையை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன்.

பாபுவிடமிருந்து ஒரு முறை போன் வந்தது. "கேட்டாண்ட நிறுத்திட்டானுங்க சார். யார பாக்கணும், இன்னா விசியம், ஐடி கீதான்னு. புள்ளைங்க உசுரு விசியம்யான்னு கத்திகினு கீறேன், ஆள் அனுப்பிகிறானுங்க." துண்டித்துவிட்டார். அதன்பின் நான் அழைத்தால் எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறார் என்று ஒரு மனம் சொன்னது. எடுக்க முடியாத செய்தி இருக்கிறது என்று இன்னொரு மனம் சொன்னது.

அந்த நேரத்தில் நான் எடுத்த முடிவுகளைத்தான் இன்று உங்களிடம் ஒப்படைக்கிறேன், அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் நான் அவற்றை மீறியதில்லை. பெயர் தெரியாத இலை பூக்கிற வரை சட்டிக்குப் போகக் கூடாது. வாடிக்கையாளர் வெளிமண் எடுத்துப் போட்டால் அந்த மண்ணில் கீரை விதைக்க விடாதீர்கள், செண்டுமல்லி வைக்கச் சொல்லுங்கள். முதல் அறுப்புக்கு முன்னால் நீங்களே நேரில் போய்ப் பையில் கைவிட்டுப் பாருங்கள். கரைசல் டிரம்மில் உள்ளே இருக்கும் இலைகளின் பெயரை எழுதி ஒட்டுங்கள், மண்டை ஓட்டுப் படமும் போடுங்கள். 'இயற்கைக்கு எதற்கு மண்டை ஓடு' என்று கேட்பார்கள். கேட்கட்டும். முதல் அறுப்பை அனுப்புகிற வழக்கத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். பலர் நிறுத்தச் சொன்னார்கள், என் மனைவியும் சொன்னாள். ஏன் நிறுத்தவில்லை என்பதை இப்போது சொல்கிறேன்.

வெளிச்சம் மங்கி வாசல் விளக்குகள் போட்ட நேரம். பாபுவின் வண்டி உள்ளே வந்தது. பின் சீட்டில் ராஜேஸ்வரி. மடியில் ஒரு எவர்சில்வர் சட்டி. இரண்டு பக்கமும் குழந்தைகள், பள்ளிச் சீருடையைக் கூட மாற்றாமல். நான் முதலில் பார்த்தது குழந்தைகளின் கண்களை. விளக்கைப் பார்த்துச் சுருங்குகிறதா என்று பார்த்தேன். சுருங்கியது. சின்னவன், "இதான் ஆஸ்பத்திரியா?" என்று கேட்டபடி வடையைத் தின்றுகொண்டிருந்தான்.

"கீர பக்கம் போவாதீங்கன்னு மட்டும் சொல்லி இட்டாந்தேன் சார்" என்றார் பாபு. "மிச்சத்த நீங்க சொல்லுங்க, என்னால ஆவாது."

ராஜேஸ்வரி என் முகத்தைப் பார்த்தார். உள்ளே கட்டிலைப் பார்த்தார். பாதி புரிந்துவிட்டது போல. சட்டியின் மூடியைத் திறந்து எனக்குக் காட்டினார். தேங்காய்ப்பூ தூவிய கீரை, கரண்டி படாமல், விளிம்பு வரை அப்படியே இருந்தது.

"இன்னும் ஒருத்தரும் வாயில வைக்கல அண்ணாச்சி. பசிக்குன்னு புள்ளைய ரெண்டும் பிச்சுப் பிடுங்கிட்டு. அவுக ஷிப்ட் முடிஞ்சு போனோட வரட்டும், நல்லா இருந்துச்சின்னு அண்ணாச்சி சொல்லட்டும், அப்புறந்தான் நமக்குன்னு மூடி வச்சிட்டேன். மொத வாய் உங்களுக்குன்னு நீங்கதான சொன்னிய?"